தலைப்புக்கு முன் செடியைக் கேளுங்கள்

எம்.எஸ்ஸி. தாவரவியல் முடிக்கும் தறுவாயில் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “தாவர மரபியலில் எந்தத் தலைப்பை எடுத்தால் நல்லது, ஐயா?” நான் திருப்பிக் கேட்பேன்: “எந்தச் செடி? எத்தனை நாளில் பூக்கும்?” சென்னையில் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தி, முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருந்துவிட்டேன். ஆய்வில் திணறியவர்களில் பலருக்கு அறிவில் குறையில்லை. செடியின் நாட்காட்டியைப் பார்க்காமல் இறங்கியதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உளுந்து ஏறத்தாழ 70 நாளில் அறுவடைக்கு வரும். குறுகிய கால நெல்லுக்கே 100 நாளுக்கு மேல் வேண்டும். இரண்டு ரகங்களைக் கலப்புச் செய்த பருவத்தில் உங்கள் கைக்கு வருவது எஃப்1, அதாவது முதல் தலைமுறை விதை மட்டுமே. அதை விதைத்து அறுத்தால் எஃப்2, அதாவது இரண்டாம் தலைமுறை விதை. பண்புகள் பிரிந்து நிற்பதைக் கண்ணால் பார்ப்பது மூன்றாவது பருவத்தில்தான். ஜீன்கள் குரோமோசோமில் இருக்கும் இடத்தைக் குறிக்கும் வரைபடத்துக்கு, பண்புகள் மேலும் பிரியாத நிலைப்பட்ட வரிசைகள் வேண்டுமென்றால் எஃப்6, எஃப்7 வரை தன்மகரந்தச் சேர்க்கையில் கொண்டுபோக வேண்டும். ஆய்வு மாணவருக்கான உதவித்தொகைகளான ஜேஆர்எஃப் (இளநிலை), எஸ்ஆர்எஃப் (முதுநிலை) இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள்தான். நெல் உங்களுக்காக அவசரப்படாது. போதாக்குறைக்குச் சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பூக்கும் வாரம் அதில் சிக்கினால் மகரந்தம் நனைந்து அந்தப் பருவமே போய்விடும். பட்டாணியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலைப் படித்த உற்சாகத்தில் மாடித்தோட்டத்தில் பட்டாணி போடுபவர்களும் உண்டு. அது குளிர் விரும்பும் பயிர், நம் ஊர் வெயிலுக்கு வேறு செடி பாருங்கள்.

கலப்புச் செய்யும் கைவேலையை நெறியாளர் சொல்லித் தருவார் என்று காத்திருக்காதீர்கள். நெல்லில் மாலையில் பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, உறை போட்டு மூடி, மறுநாள் காலையில் பூக்கள் திறக்கும் நேரத்தில் தந்தைச் செடியின் மகரந்தத்தை உதற வேண்டும். உளுந்து இன்னும் பிடிவாதம். பூ விரியும் முன்பே உள்ளே தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். ஆகவே மொட்டிலேயே வேலையை முடிக்க வேண்டும், அப்படியும் பாதிக்கு மேல் உதிரும். விரல் பழகச் சில வாரங்கள் ஆகும். அதைத் திட்டத்தில் சேர்த்து எழுதுங்கள்.

நிலமோ பருவமோ கைகொடுக்காதவர்களுக்குக் குரோமோசோம் ஆய்வு இருக்கிறது. பல கல்லூரித் தோட்டங்களில், இலையின் அடிப்பக்கம் ஊதாவாக, ரியோ என்ற செடி வரிசையாக நிற்கும். அதன் இளம் மொட்டை மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் இட்டு, மகரந்தப் பையை அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். மியாசிஸில் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில்) அதன் 12 குரோமோசோம்களும் ஜோடி சேராமல் வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்து நிற்கும். குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியதன் விளைவு அது. பாடநூலில் நான்கு பக்கம் படித்தும் விளங்காதது ஒரு கண்ணாடித் தகட்டில் விளங்கிவிடும்.

இந்த வழியில் நம் ஊருக்கு ஒரு முன்னோடி உண்டு. இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், பின்னர் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945-இல் ஆங்கிலேய குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில், 1984-இல் இறக்கும்வரை, வேலை செய்துகொண்டிருந்தார்.

ஜேஆர்எஃப் பெறுவதற்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கு வருகிறேன். உயிர் அறிவியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 100 ‘சி’ பகுதியில் இருக்கிறது: 75 கேள்விகளில் 25-க்கு விடை, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும். மரபியல் கணக்கைக் கையால் போட்டுப் பழகியவருக்கு இது வரம். குறிப்புகளை மனப்பாடம் செய்தவருக்குப் பொறி. மூன்று ஜீன் சோதனைக் கலப்பில் (மூன்றிலும் ஒடுங்கு பண்புள்ள செடியோடு செய்யும் கலப்பில்) எண்ணிக்கை அதிகமான இரு வகைகள் பெற்றோர் வகை, மிகக் குறைந்த இரண்டும் இரட்டைக் குறுக்கேற்றம், அதாவது குரோமோசோம்கள் இரண்டு இடங்களில் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தவை. இவற்றை ஒப்பிடும்போது எந்த ஜீன் மட்டும் இடம் மாறித் தெரிகிறதோ அதுவே நடுவில் இருப்பது. இதைக் கண்டபின் மீதி வெறும் வகுத்தல்.

இன்னொரு கணக்கு தேர்வுக்கும் தோட்டத்துக்கும் பொது. எஃப்2-வில் இரட்டை ஒடுங்கு செடி (இரண்டு பண்புகளிலும் ஒடுங்கு வடிவம் காட்டுவது) 16-இல் ஒன்று. அப்படியானால் 16 செடி போதும் என்று பலர் எழுதுகிறார்கள். குறைந்தது ஒரு செடியாவது கிடைக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமென்றால் 47 செடிகள் தேவை: 15/16-ஐ 47 முறை பெருக்கினால்தான் விடை 0.05-க்குக் கீழே இறங்கும். முளைக்காமல் போவதையும் கோழி கிளறுவதையும் கருதி அறுபதுக்கு மேல் விதையுங்கள்.

ஆய்வகத்தில் சேரும் முன் நெறியாளரின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பீர்கள், பாருங்கள். அதோடு மூன்றைக் கேட்டுவிடுங்கள்: பெற்றோர் ரகங்களின் விதை இப்போதே கையில் இருக்கிறதா, நிலம் எங்கே இருக்கிறது, மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் விடுவார்கள்? “விதை வந்துவிடும்” என்று பதில் வந்தால், வந்தபிறகு சேர்ந்துகொள்ளுங்கள்.