மிஞ்சின சோறு

அந்தப் பேச்சை நான் எடுக்காமலே இருந்திருக்கலாம். மூன்று வருஷம் ஆகிறது. சிங்காநல்லூர்ப் பக்கம் அந்த லைன் வீட்டைத் தாண்டும்போது இன்னும் மனசு குறுகுறுக்கிறது.

அந்த வீட்டுப் பாட்டிக்கு, மில்லில் வேலை பார்த்து இறந்துபோன வீட்டுக்காரர் வழியில் பி.எஃப். பென்ஷன். குறைந்தபட்சம் என்று 2014-ல் வைத்தார்களே, அந்த 1,000 ரூபாய். உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் கொடுக்கும் ஆயுள் சான்று என்றாலே நவம்பர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பி.எஃப். பென்ஷனுக்கு அப்படி இல்லை, கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். அதனாலேயே தேதியை மறந்துவிட்டு, பணம் நின்ற பிறகு அலைவார்கள். பாட்டிக்காக அந்தத் தேதியை நினைவு வைத்திருந்தது பக்கத்து வீட்டுப் பெண்தான். சான்று எடுக்கத் தபால்காரனான என்னைக் கூப்பிட்டதும் அவர், மெசேஜ் வரக் கொடுத்ததும் அவர் நம்பர்.

பாட்டியின் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்து ரேகை மிஷினில் வைத்தேன். எடுக்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. சரி, போனில் முகம் காட்டலாம் என்றால், கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டச் சொன்னால் பாட்டி இறுக்கி மூடிக்கொண்டார்.

அதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு போசியோடு வந்தார். "சோறு மிஞ்சிப்போச்சுங்க பாட்டி" என்று வைத்துவிட்டுப் போனார். நான் வாசலில் சிக்னலுக்காக நின்றபோது இவரே சொல்லியிருந்தார்: "பல்லு இல்லீங்ணா. அதான் அவங்களுக்குத் தனியா கொஞ்சம் குழைய வடிச்சிருவேன்."

இதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. ஆனால் 'மிஞ்சிப்போச்சு' என்றதைக் காதால் கேட்டவனுக்கு, அதற்கு மேலும் சொல்ல வேண்டுமா என்ன?

"கொடுத்து வெச்சவங்க பாட்டி நீங்க. உங்களுக்குன்னு தனியா ஒலை வெச்சு வடிக்கிறாங்க. பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது" என்றேன். பேச்சுக் கொடுத்தால் முகம் இளகும், வேலை முடியும் என்ற எண்ணம். பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்துச் சரியாகச் சிமிட்டினார். போன் எடுத்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

"எவ்வளவு கண்ணு?" என்றார். வீடு தேடி வந்து செய்ய அப்போது 70 ரூபாய். "இந்த வருஷம் இலவசமுங்க" என்று சொல்லி என் பையிலிருந்து போட்டேன்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டில் ஒரு பதிவுத் தபால் கொடுக்கப் போனேன். போசி இப்போதெல்லாம் கழுவித் திரும்பி வருகிறதாம், உள்ளே இரண்டு பத்து ரூபாய் நோட்டோடு. "எனக்குன்னு ஒலை வெக்கிறயாமே?" என்று பாட்டி கேட்டாராம். காசு வேண்டாமென்றால் சோறும் வேண்டாமாம். தினமும் 20 என்றால் மாசம் 600. 1,000 ரூபாயில்.

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலைங்ணா" என்றார் அந்தப் பெண். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தப்பாகச் சொல்லவில்லைதானே? நம்மை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு மனுஷிக்குத் தெரிய வேண்டாமா? நாளைக்கு அந்தப் பெண் வீடு மாறிப் போனால்? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் என் 70 ரூபாயை மட்டும் நான் ஏன் மறைத்தேன்? அடுத்தவர் செய்ததைப் போட்டு உடைத்த அதே வாய் அடுத்த நிமிஷமே இலவசம் என்றது. அப்படியானால் எனக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அந்த நோட்டுகளை அந்தப் பெண் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, பாட்டிக்கு மாத்திரை வாங்கும்போது விலையைக் குறைத்துச் சொல்லி அதில் சரிக்கட்டுகிறாராம். இதையும் என்னிடம் சொன்னார். ஏன் சொன்னார் என்று புரியவில்லை. என்மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது போல.

மறு வருஷம் போனபோது பாட்டி கை மூடியிருந்தது. முதல் தடவையிலேயே சிமிட்டிவிட்டார்.

"போன வருஷம் இலவசம்னியே, நெசந்தானா கண்ணு?"

"நெசந்தானுங்க பாட்டி. இந்த வருஷம் 70 ரூபாய்."

விரலைப் பிரித்துக் கொடுத்தார். நோட்டு வியர்வையில் நனைந்திருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.