32 லாட்டரிச் சீட்டுகளும் ஒரு பால் கணக்கும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலைகளுள் ஒன்று தமிழ்நாட்டைத் தாண்டியதும் முதலில் தொடும் ஊர் மீனாட்சிபுரம். அங்கிருந்து தினமும் பேருந்தில் எல்லை கடந்து பொள்ளாச்சிப் பக்கமுள்ள ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் விளம்பரம், சினிமா முகம் போன்ற அன்றாட அச்சுப் படங்களையே கலையாக்கும் பாப் ஆர்ட் பாணியில் ஒரு டிஜிட்டல் கொலாஜ் (பல படங்களை வெட்டி ஒட்டிச் சேர்த்த படம்) செய்து, ஏ3 அளவில் அச்சிட்டு, மூன்று வாரத்திற்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எங்களுக்குப் பணி கொடுத்தார்கள். அதை நான் முடித்த விதத்தை, இடறிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் முயற்சியை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, நான்கு கட்டங்களில் நான்கு பளிச்சென்ற நிறங்களில் நிரப்பினேன். மறுநாள் வகுப்பில் என்னோடு சேர்த்து ஏழு பேர் அதே நடிகரை அதே நான்கு நிறங்களில் கொண்டுவந்திருந்தோம். ஆசிரியை யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஏழு தாள்களையும் சுவரில் வரிசையாக ஒட்டி, "இப்போதுதான் இது பாப் ஆர்ட் மாதிரி இருக்கிறது" என்றார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் அதன் குத்தல் உறைத்தது.

அன்று அவர் காட்டியவற்றில் இரண்டு படைப்புகள் மனதில் நின்றன. ஒன்று, பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டி ரிச்சர்ட் ஹாமில்டன் 1956-இல் லண்டன் கண்காட்சி ஒன்றுக்காகச் செய்த சிறிய கொலாஜ். மற்றொன்று ஆண்டி வார்ஹால் 1962-இல் காட்சிக்கு வைத்த சூப் டப்பா ஓவியங்கள். அவை மொத்தம் 32. ஏறக்குறைய எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், டப்பாவின் மேல் எழுதியிருக்கும் சூப் வகையின் பெயர் மட்டும் மாறும். பேருந்தில் திரும்பி வரும்போது எங்கள் ஊர்க் கடைகளின் முன்னால் கயிற்றில் தொங்கிய லாட்டரிச் சீட்டு வரிசைகளைப் பார்த்தேன். அங்கும் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, எண் மட்டும்தான் மாறியது. சீட்டுகளை வைத்தே என் படத்தைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

எல்லையில் இத்தனை லாட்டரிக் கடைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. கேரள அரசு 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. அன்றைய சீட்டின் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடு 2003-இல் லாட்டரிக்குத் தடை விதித்தது. அதன் பிறகு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சீட்டு வாங்குவதற்கென்றே பேருந்து ஏறி வருகிறவர்கள் உண்டு. எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அந்தச் சிரமமும் இல்லை, வீட்டிலிருந்து நாலு எட்டில் கடை. விழாத சீட்டுகளையும் அவர் எறிவதில்லை. ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். காரணம் கேட்டால், "கிடந்துட்டுப் போகட்டும் அம்மிணி, சோறா கேக்குது?" என்பார். டப்பாவைக் கேட்டதும் மறுக்காமல் கொடுத்தார், எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

காருண்யா, நிர்மல், ஸ்த்ரீ சக்தி என்று கலந்து 32 சீட்டுகளைப் பொறுக்கி, ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். திரையில் பார்த்தால் சீட்டு முழுவதும் தண்ணீரில் கல் எறிந்ததுபோல் அலை அலையாகக் கோடுகள். அச்சில் உள்ள நுண்புள்ளிகளின் வரிசையும் ஸ்கேனரின் கட்ட வரிசையும் ஒன்றோடொன்று இடிக்கும்போது வரும் கோலம் அது. மோயிரே என்று சொல்கிறார்கள். மறுபடியும் 600 டிபிஐ-யில், சீட்டைக் கண்ணாடியின் மேல் சற்றுச் சாய்த்து வைத்து எடுத்து, மென்பொருளில் நிமிர்த்தி, லேசாக மங்கலாக்கிய பிறகு 300-க்குக் குறைத்தபோது அலைகள் பெரும்பாலும் மறைந்தன. சீட்டிலிருந்த அரசு முத்திரை, கையொப்பம், பார்கோடு ஆகியவற்றை முதல் வேலையாக அழித்துவிட்டேன். கலைக்காக என்றாலும், அச்சில் எடுத்தால் செல்லுபடியாகும் சீட்டுபோலத் தோன்றும் ஒன்றைச் செய்வது நல்லதல்ல என்று ஆசிரியை முன்பே எச்சரித்திருந்தார்.

அடுத்தது மடிக்கணினியோடு போராட்டம். ஏ3 தாள் 300 டிபிஐ-யில் 3508-க்கு 4961 பிக்சல், அதாவது ஏறக்குறைய 1.74 கோடி பிக்சல். கிம்ப் என்ற பட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் படத்தாளை அடுக்கு என்பார்கள்; முழுத்தாள் அளவில் ஒரு அடுக்கு வைத்தால் அது மட்டுமே சுமார் 70 எம்பி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு முழு அடுக்கு வைத்திருந்தேன். என் கணினியில் இருந்ததோ 4 ஜிபி. இரண்டு முறை சேமிப்பதற்குள் உறைந்து போன பிறகுதான் அடுக்குகளைச் சீட்டின் அளவுக்கே வெட்டிச் சுருக்கக் கற்றுக்கொண்டேன்.

புள்ளிகளில்தான் அதிக நாள் போயிற்று. பாப் ஆர்ட் என்றாலே புள்ளி என்று எண்ணி, செய்தித்தாள் அச்சுபோல் காட்டும் ஃபில்டரைப் படம் முழுவதும் பூசினேன். அது பழைய பேப்பரைப் போல இருந்ததே தவிர, அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் ஓவியங்களில் உள்ள துணிச்சல் அதில் இல்லை. சாதாரண அச்சுப்படத்தில் இருளான இடத்தில் புள்ளி பெரிதாகவும் வெளிச்சமான இடத்தில் சிறிதாகவும் இருக்கும். அவர் கையாண்ட பென்டே புள்ளிகளோ ஒரு பரப்புக்குள் எல்லாம் ஒரே அளவு. துளையிட்ட தகட்டை வைத்து அவற்றைப் பதித்திருக்கிறார். எனவே ஃபில்டரைக் கைவிட்டு, 24 பிக்சல் சதுரம் ஒன்றில் நடுவே ஒரு வட்டத்தையும் நான்கு மூலைகளிலும் கால் வட்டங்களையும் வரைந்து, அதை ஒரு பேட்டர்னாகச் சேமித்தேன். அதைக் கொட்டி நிரப்பினால் புள்ளிகள் நம் வீட்டு வாசல் இடைப்புள்ளிக் கோலம்போல் ஒன்றுவிட்டு ஒன்று விழுகின்றன. அவற்றையும் எல்லா இடத்திலும் போடாமல், சீட்டின் எண் இருந்த இடங்களில் மட்டும் போட்டேன். எண்கள் மறைந்து புள்ளியாகிவிட்டதால் போலிச் சீட்டு என்ற கவலையும் தீர்ந்தது.

படத்தின் நடுவில் அப்புச்சியின் கை இருக்கிறது. திண்ணையில் அமர்ந்து நாளிதழின் முடிவுப் பக்கத்தில் அவர் விரல் வைத்து இறங்கிவரும்போது எடுத்த புகைப்படம் அது. பென் கருவியால் ஓரம் வெட்டி, நடுச்சாயல்களை நீக்கி வெறும் கறுப்பு வெள்ளையாக்கியபோது, நகமும் முட்டியின் சுருக்கமும் மரக்கட்டையில் செதுக்கியவை போல் எழுந்து நின்றன. அதன் கீழே மெஜந்தா நிற அடுக்கை 6 பிக்சல், அதாவது அரை மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தினேன். நிறம் கோட்டை விட்டு விலகி நிற்கும் மலிவு அச்சுக் காலண்டரின் தோற்றம் வந்துவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகும் படம் அழகான ஒரு போர்வைத் துணிபோலவே இருந்தது. திருப்பித் தருவதற்காகச் சீட்டுகளை எண்ணியபோதுதான் அவற்றின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பரிசு விழுந்தவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட வேண்டிய கோடுகளில், அப்புச்சி சொசைட்டிக்கு ஊற்றிய பாலின் கணக்கை எழுதியிருந்தார்: "காலை 3½, மாலை 2, செவலைக்கு ஊசி." முன்பக்கங்கள் 32-ம் அச்சடித்தவை, பின்பக்கங்களில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. கட்டங்களில் ஒரே ஒரு சீட்டை மட்டும் திருப்பி வைத்தேன். அதில் புள்ளியும் இல்லை, நிறமும் இல்லை, நீல பால்பாயின்ட் மை மட்டும்.

அச்சு ஒரு தனிப் பாடு. திரையில் கண்ணைப் பறித்த இளஞ்சிவப்பு, தாளில் நாள்பட்ட ரோஜாப்பூவாக வந்தது. திரை காட்டும் எல்லா நிறத்தையும் நான்கு மைகளால் தர முடியாது. படக் கோப்பை க்ரிட்டா என்ற இன்னொரு மென்பொருளில் திறந்து, அந்த நான்கு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றி, அந்த இடத்தில் வேறெதுவும் கலக்காத முழு மெஜந்தாவை வைத்த பிறகு இரண்டாவது பிரதி திருத்தமாக வந்தது.

மதிப்பெண் பரவாயில்லை. கல்லூரித் தாழ்வாரத்தில் இரண்டு வாரம் தொங்கிய பிறகு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்புச்சியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாளிதழில் இறங்குவதுபோலவே விரலால் வரிசை வரிசையாக இறங்கி, திருப்பி வைத்த சீட்டில் நின்றார்.

"இதுதானா அது! அசலை எடு அம்மிணி, போன மாசக் கணக்கு இதுலதான் இருக்குது. சொசைட்டியில இன்னும் சரிபாக்கலை."