எலிவேட்டர் வாங்கும்போது பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

வளசரவாக்கத்தில் சின்னதாக ஒரு பல் கிளினிக் தொடங்கியிருக்கிறேன். சேர், லைட், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எல்லாம் சிக்கலில்லாமல் வந்து இறங்கின. அலைய வைத்தது பெரியாஸ்டியல் எலிவேட்டர்தான், அதாவது ஈறை எலும்பிலிருந்து தூக்கிப் பிரிக்கும் கைக்கருவி.

பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு கடையில் அதில் மோல்ட் 9, ஃப்ரீயர், ஹோவர்த் என்ற மூன்று வகையும் வாங்கினேன். பிரித்துப் பார்க்கிறேன் என்றால் விடவில்லை. "ஜெர்மன் ஸ்டீல் டாக்டர், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

முதல் ஆட்டோகிளேவிலேயே மோல்ட்டின் கழுத்தில் பழுப்பு ஏறியது. ஃப்ரீயர் இன்னும் மோசம். ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கலாகவும் இருக்க வேண்டிய கருவி; வந்ததில் இரண்டுமே மழுங்கல். ஈறோடு எலும்புறையையும் சேர்த்து எலும்பிலிருந்து கிழியாமல் தூக்க முனை கூராக இருக்க வேண்டும். மழுங்கல் என்றால் கை அழுத்தத்தைக் கூட்டும், வழுக்கும். கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு உள்பக்கம் நாக்கு நரம்பு ஓடுகிறது. அங்கே வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "ஆட்டோகிளேவ் பண்ணினதை எடுக்க மாட்டோம், உங்க ஏரியா தண்ணி அப்படி" என்றார். நான் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். அவர் மேசையிலேயே பென்சில் ரப்பரால் தேய்த்துக் காட்டினேன். வெறும் கறை என்றால் போய்விடும், அடியில் வழவழப்பாக இருக்கும். துரு என்றால் பொடிக்குழி தெரியும். குழி நன்றாகவே தெரிந்தது.

அடுத்த சாக்கு பில். அதில் "டென்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 3" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். "இது எங்க சரக்குன்னு எப்படிம்மா நம்புறது?" நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன் என்றதும், கிளினிக்குக்கு வாங்கியது வியாபாரம், அதெல்லாம் செல்லாது என்றார். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் காப்பாற்றியது காலி பாக்கெட். அதிலிருந்த லாட் எண்ணை, அதாவது ஒரே தொகுப்பில் தயாரானவற்றுக்குப் போடும் எண்ணைக் காட்டி, அலமாரியில் அதே எண்ணுள்ள ஃப்ரீயர் ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். அதுவும் இரண்டு பக்கமும் மழுங்கல்! அப்புறம் பேச்சில்லை, இரண்டையும் வேறு கம்பெனியில் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சுரண்டினால் கூர், வழுக்கினால் மழுங்கல்.

வாங்கப் போகிறவர்கள் பில்லில் கம்பெனி பெயரும் லாட் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், பாக்கெட்டை எறியாதீர்கள். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள், அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாம். உதவியாளர்கள் கருவியைப் பிளீச்சிங் கரைசலில் ஊறப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளோரின் பட்டால் நல்ல ஸ்டீலும் குழி விழும், அப்போது கடைக்காரர் மறுத்தால் நம்மால் எதுவும் சொல்ல முடியாது.