பிரீதர் குழாயில் ஒரு டப்பா

நவம்பர் 9, 2024, சனி

போன வருடம் காரின் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயை, கழற்றியபோது உள்ளே இருந்ததை இன்னும் மறக்கவில்லை. ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி கறுப்பு. விரலால் வழித்தால் பாகுப்பதத்தில் கம்பி இழுத்தது. குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு. மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு மதியம் வரை சுரண்டினார்.

இந்தத் தாருக்கு இரண்டு பேர் கூட்டு. ஒன்று, எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வழியாகத் திரும்பி வரும் புகைக்கரி. இன்னொன்று, பிரீதர் குழாயில் வரும் எண்ணெய்ப் புகை. பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்கும். அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அதனால் அதைப் பிரீதர் வழியாக, டர்போவுக்கு (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சக்கரம்) முன்னால் இருக்கும் காற்றுக் குழாயில் சேர்த்து, மறுபடியும் இன்ஜினுக்கே தின்னக் கொடுக்கிறார்கள். கூடவே எண்ணெய்த் துளிகளும் போகின்றன. கரி தனியாக வந்தால் விறகடுப்புச் சுவர் மாதிரி காய்ந்து படியும். எண்ணெய் சேரும்போதுதான் பசையாகிறது. கரியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெயைப் பாதி வழியில் பிடித்துவிடலாம் என்பதற்காக 1,400 ரூபாய்க்கு ஒரு கேட்ச் கேன், அதாவது பிரீதர் குழாயின் நடுவில் மாட்டும் எண்ணெய் பிடிக்கும் டப்பா, வாங்கியிருக்கிறேன்.

வண்டி 2014 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல். மீட்டர் 1,32,400.

மாட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட நினைத்தேன். எண்ணெய் டர்போ சீலில் இருந்தும் வரலாம். அப்படியென்றால் இந்த டப்பாவால் ஒரு பயனும் இல்லை. ஏர் ஃபில்டரில் இருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே பழைய வேட்டித் துணியை விட்டுத் துடைத்தேன். ஃபில்டர் பக்கம் வெறும் தூசி. பிரீதர் வந்து சேரும் இடத்தில் இருந்து டர்போ வரை பளபளவென்று எண்ணெய். ஈரம் சரியாக அந்த மூட்டில் தொடங்குகிறது. சரி, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

இன்ஜினுக்குள் இப்போது என்ன அழுத்தம் இருக்கிறது என்று மாட்டுவதற்கு முன்பே அளந்து வைத்தேன். இதற்கென்று கருவி வாங்கவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் பத்து மீட்டர் வீட்டில் கிடந்தது. அதன் ஒரு முனையை ஒரு பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் நாலு சொட்டு விட்டேன். மறுமுனையை டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாயின் வாயில் செருகினேன். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிபார். பலகை மூன்றடியாவது உயரம் வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் உறிஞ்சும்போது நீலத் தண்ணீர் ஆயிலில் போய்ச் சேரும்.

ஐட்லிங்கில் மைனஸ் 1. மூவாயிரம் ஆர்பிஎம்மில் மைனஸ் 2. அதாவது டர்போ லேசாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இன்ஜின் நிம்மதியாக மூச்சு விடுகிறது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்ததிலும் பெரிதாகப் புகை இல்லை. ரிங் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 16, சனி

மாட்டியாகிவிட்டது. பேட்டரிக்குப் பக்கத்தில், டர்போ சூட்டில் இருந்து தள்ளி. டப்பா குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆவி எண்ணெயாக மாறும். பிரீதர் குழாயை வெட்டவில்லை. கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, தனியாக இரண்டு ஹோஸ் வாங்கிப் போட்டேன். டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் குடுவை. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பர் இரண்டை நன்றாக அமுக்கித் திணித்தேன். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்பது அப்போதைய என் அறிவு.

நவம்பர் 17, ஞாயிறு

அவிநாசி வரை போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை. பெருமையாக இருந்தது.

நவம்பர் 23, சனி

பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காலையில் பானட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் அரை அங்குலம் மேலே எழும்பி நிற்கிறது, அதைச் சுற்றி எண்ணெய். ஆயில் மூடியின் ஓரத்திலும் கசிவு. வண்டிக்குள் ஏசி போட்டால் கருகிய எண்ணெய் வாடை.

மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். சுற்றி வந்து பார்த்தார்.

“நல்லா ஓடிட்டிருந்த வண்டிங்க. மூக்கைப் பொத்திப்போட்டு, ஏன் இருமுதுன்னு கேக்கறீங்க?”

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார்: “அந்தக் குழாயக் கீழ ரோட்டப் பாத்து விட்டுடுங்க. பழைய லாரியெல்லாம் அப்படித்தானே போகுது.” அது உண்மைதான். முன்பெல்லாம் உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது; சாலையின் நடுவே கறுப்புக் கோடு விழும். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில்தான் முதலில் அந்தப் புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடச் சொன்னார்கள். பின்னால் வருகிறவர் முகத்தில் அதை ஊத எனக்கு மனமில்லை. தவிர, டர்போ பக்கத்து ஓட்டையை அடைக்க மறந்தால், ஃபில்டர் வழியாக வராத காற்றின் தூசி நேராக டர்போவுக்குள் போகும்.

நவம்பர் 24, ஞாயிறு

மறுபடியும் லெவல் டியூப். இந்த முறை ஓடும் வண்டியில். டியூபைப் பானட் இடுக்கு வழியாக எடுத்து, இடது ஜன்னலில் உள்ளே விட்டு, பலகையைப் பையன் மடியில் வைத்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இயற்பியல் பாடத்தில் பார்த்த மானோமீட்டர் நிஜமாகவே வேலை செய்வதில் அவனுக்கு ஆச்சரியம்.

ஐட்லிங்கில் பிளஸ் 5. மூவாயிரத்தில் 11. மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏறியபோது கத்தினான்: “அப்பா, இருபத்தி மூணு!”

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கழற்றி, பழைய குழாயைப் போட்டு, அதே மேம்பாலம், அதே கியர். மைனஸ் 4.

23 சென்டிமீட்டர் தண்ணீர் ஒன்றும் பெரிய அழுத்தம் இல்லை. டயர் காற்றில் நூறில் ஒரு பங்குதான் வரும். ஆனால் கிராங்க் சீல், இன்ஜின் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம், டயர் இல்லையே. தெறிக்கும் எண்ணெயைத் தடுக்கத்தான் அது இருக்கிறது, அழுத்தத்தைத் தாங்க இல்லை. அதைவிட மோசம் டர்போ. டர்போவுக்குப் போன எண்ணெய் தன் எடையிலேயே வடிந்து ஆயில் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். தொட்டியில் அழுத்தம் இருந்தால் வடியாமல் தேங்கி, டர்போ சீல் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் கசியும். மேனிஃபோல்டுக்கு எண்ணெய் போகக் கூடாதென்று மாட்டிய டப்பா, இன்னொரு வாசல் வழியாக அதே எண்ணெயை அனுப்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் இரண்டு ஸ்க்ரப்பரையும் பிடுங்கிவிட்டு மறுபடி மேம்பாலம். 14. குறைந்தது, போதாது. அப்புறம்தான் டப்பாவின் மூக்கை வெர்னியரால் அளந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பழைய பிரீதர் குழாயின் உள்விட்டம் 19 மி.மீ., டப்பா மூக்கின் உள்விட்டம் 10. ‘பாதிதானே’ என்று தோன்றும். பரப்பில் கணக்குப் போட்டால் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட.

நவம்பர் 30, சனி

கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பட்டறைக்காரர், இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இரண்டு துளையையும் பெரிதாக்கி முக்கால் இஞ்ச் பைப் திரெட் போட்டு, அலுமினியத்தில் உள்விட்டம் 19 வரும்படி இரண்டு மூக்கு கடைந்தார். நான் கேட்காமலே ஹோஸ் நழுவாதபடி முனையில் ஒரு வரம்பும் விட்டார். அதோடு நிறுத்தவில்லை.

“ஸ்க்ரப்பர் அடைச்சீங்களா? காத்த வடிகட்டக் கூடாதுங்க, திருப்பி விடோணும். ஸ்பின்னிங் மில்லுல தூசி பிரிக்கிற சைக்ளோன் பாத்திருக்கீங்கல்ல? அதுக்குள்ள என்ன இருக்குது? ஒண்ணுமே இல்லை.”

உள்ளே வரும் மூக்குக்கு அடியில் ஒரு துண்டுக் குழாயை நீட்டினார். புகை அதன் வழியாகக் கீழே இறங்கி, சட்டென்று மேலே திரும்ப வேண்டும். வாயு திரும்பிவிடும், கனமான துளி திரும்ப முடியாமல் அடியில் மோதி ஒட்டிக்கொள்ளும். மேலே ஓட்டை போட்ட தகடு ஒன்று. அதற்கு அடியில் ஒரே ஒரு ஸ்க்ரப்பரை, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குப் பிரித்துவிட்டு வைத்தோம். தகடு இல்லாவிட்டால் அறுந்த ஸ்டீல் இழை என்றாவது ஒரு நாள் டர்போ சக்கரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரும். கூலி 350 ரூபாய். டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஐட்லிங்கில் 0. மூவாயிரத்தில் மைனஸ் 1. மேம்பாலத்தில் பிளஸ் 2. பையனுக்கு ஏமாற்றம்; இருபத்தி மூன்று மறுபடி வரும் என்று காத்திருந்தான். மீட்டர் 1,32,950.

டிசம்பர் 15, ஞாயிறு

820 கிலோமீட்டருக்குப் பிறகு வடித்தேன். இருமல் மருந்து மூடியால் அளந்ததில் 18 மில்லி. கறுப்பாக, தண்ணியாக, டீசல் வாடையோடு. வெளியே போகும் குழாய்க்குள் துணியை விட்டால் லேசான மஞ்சள் கறை மட்டும். வேலை செய்கிறது.

இரண்டு சில்லறைத் தொந்தரவுகள். 1,800 ஆர்பிஎம்மில் பிராக்கெட் கடகடவென்று அதிர்ந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடையில் கொடுத்ததும் நின்றுவிட்டது. அடுத்து, நான் வாங்கிய ஹோஸ் ஹீட்டருக்கானது. ஒரே மாதத்தில் ஊறிப்போய், அமுக்கினால் வேகவைத்த கத்திரிக்காய் மாதிரி நெகிழ்கிறது. கூலன்ட் ஓடும் ரப்பர் வேறு, எண்ணெய் தாங்கும் ரப்பர் வேறு. உக்கடத்தில் நைட்ரைல் ஹோஸ் ஒன்றரை மீட்டர் வாங்கி மாற்றினேன். பார்க்க அழகாக இருக்கும் வண்ண வண்ண சிலிகான் ஹோஸும் இதற்கு ஆகாது. எண்ணெய் அதன் வழியாக வியர்த்து வெளியே வரும்.

டிசம்பர் 29, ஞாயிறு

நேற்று ஊட்டி போய், இரவு தங்கிவிட்டு வந்தோம். 2,240 மீட்டர் உயரம், மார்கழிக் குளிர். வீட்டுக்கு வந்து டப்பாவை வடித்தால் 40 மில்லி, பால் ஊற்றிய காபி நிறத்தில். வயிறு கலங்கியது. எண்ணெய் வெளுத்தால் ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது என்பதுதான் எல்லோரும் சொல்லும் பாட்டு.

முதலில் கூலன்ட் தொட்டி. அளவு இம்மியும் குறையவில்லை. அடுத்து டிப்ஸ்டிக், ஆயில் வழக்கமான கறுப்பு. பழைய இரும்புக் கரண்டியைச் சூடாக்கி டிப்ஸ்டிக் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், புகைந்தது, சத்தமில்லை. டப்பாவில் வடித்ததில் ஒரு சொட்டு விட்டேன். கடுகு தாளித்த மாதிரி படபடவென்று பொரிந்தது. ஆக, தண்ணீர் டப்பாவில்தான் இருக்கிறது, இன்ஜினில் இல்லை. எரிந்த வாயுவிலேயே நீராவி உண்டு; குளிர்ந்த டப்பாவில் அது தண்ணீராகி எண்ணெயோடு கடைந்திருக்கிறது. சமவெளியில் எண்ணெய், மலையில் மோர்.

ஆனால் டிப்ஸ்டிக் மறுபடியும் கொஞ்சம் எழும்பியிருந்தது. பலகையை எடுத்தேன். ஐட்லிங்கில் பிளஸ் 3.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

கண்டுபிடித்தாகிவிட்டது, அதுவும் கையால் தடவித்தான். புது ஹோஸைக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தேன். இன்ஜினுக்கும் டப்பாவுக்கும் நடுவில் அது தொட்டில் மாதிரி தொங்குகிறது. அந்தத் தொங்கலில் மோர் தேங்கி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவு போலக் குழாயை அடைத்திருக்கிறது. அந்த வளைவு சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. இது இன்ஜினின் மூச்சைத் தடுத்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் வெட்டினேன், டப்பாவை இரண்டு அங்குலம் இறக்கினேன். இப்போது இன்ஜினில் இருந்து டப்பா வரை ஒரே சரிவு. ஐட்லிங்கில் 0.

ஜனவரி 13, திங்கள்

போகி. டப்பாவில் இருந்து வடித்து வீட்டில் வைத்திருந்த எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டி, இதையும் வெளியே தள்ளுங்கள் என்றாள் மனைவி. எரிக்கவும் கூடாது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. மெக்கானிக் அண்ணனின் பழைய ஆயில் பேரலில் கொண்டுபோய் ஊற்றினேன். பாட்டிலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவும் உள்ள போயிருக்குமாங்க?” என்றார். அவருடைய பெட்ரோல் காருக்கும் ஒன்று போடலாமா என்று கேட்டார். அதில் பிசிவி வால்வு (பிரீதர் புகையை அளந்து விடும் அடைப்பான்), மேனிஃபோல்டு உறிஞ்சல் என்று கதை வேறு. அப்படியே நகலெடுக்க முடியாது என்றேன். லெவல் டியூபை மட்டும் முதலில் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.

மீட்டர் 1,34,900. அடுத்த வடிப்பு 1,35,700-ல்.