எட்டு முள்ளு எறும்பும் ஒரு உருண்டை பூஞ்சையும்

மார்ச் 2

வந்து சேந்துருச்சு. ஒரு ராணி எறும்பு, ஒரு முப்பது நாப்பது வேலைக்கார எறும்புங்க, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பூஞ்சை உருண்டை, அவ்வளவுதான். இதுக்காக பர்மிட் வாங்க எத்தனை மாசம் அலைஞ்சேன்னு எனக்குத்தான் தெரியும். அக்ரோமைர்மெக்ஸ் ஆக்டோஸ்பினோசஸ், இலைவெட்டி எறும்புல ஒரு வகை, முதுகுல முள்ளு முள்ளா இருக்கும், பேருக்கே எட்டு முள்ளுன்னுதான் அர்த்தம். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவோட வடக்குப் பக்கம், கரீபியன் தீவுகள்னு அந்தப் பக்கத்து ஆளுங்க.

மூணு டப்பா ரெடியா வச்சிருந்தேன். ஒண்ணு பூஞ்சைக்கு, ஒண்ணு இலை போட, ஒண்ணு குப்பைக்கு. நடுவுல ட்யூப் போட்டு இணைச்சிருக்கு. பூஞ்சை டப்பாவுக்கு அடியில ஈரமான களிமண் உருண்டை பரப்பியிருக்கேன், 25 டிகிரி, ஈரப்பதம் 90 கிட்ட. தண்ணி மட்டும் பூஞ்சை மேல ஒரு சொட்டு கூட விழக்கூடாது, மூடியில வேர்த்துச் சொட்டினா அந்த இடம் அழுகிரும்.

மார்ச் 3

ஒண்ணுமே வெளிய வரல. தொந்தரவு பண்ணாம விட்டுட்டேன்.

மார்ச் 6

இன்னிக்கு முதல் இலை! என் தொட்டியில இருக்கற ரோஜாவுல இருந்து இளசா ஒரு இலை பறிச்சுப் போட்டேன், அரை மணி நேரம் யாரும் சீண்டல, அப்புறம் பெரிய எறும்பு ஒண்ணு ஏறி விளிம்பு பூரா சுத்திச் சுத்தி முகர்ந்து பாத்துட்டு ஒரு இடத்துல நின்னுச்சு. பின்னங்காலால விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு ஒடம்பையே காம்பஸ் மாதிரி திருப்பி வெட்டுது, அதனாலதான் துண்டு எல்லாம் அரைவட்டமா வருது. லென்ஸ் வச்சுப் பாத்தா ரெண்டு தாடையும் ஒரே வேலை செய்யல, ஒண்ணு இலையில குத்தி நிக்குது, இன்னொண்ணு கத்தி மாதிரி இழுத்துக்கிட்டே வருது. வெட்டின ஓரத்துல கசியற சாறை அப்பப்ப நக்கிக்குது. துண்டு விழப்போற நேரத்துல தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நேரா ட்யூபுக்குள்ள.

கேக்கறவங்க எல்லாம் "ஓ, இலை திங்கற எறும்பா"ன்னுதான் கேக்கறாங்க. இலையைத் திங்கறதே இல்லை. உள்ள கொண்டுபோய் நக்கிச் சுத்தம் பண்ணி, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் துண்டா கடிச்சு நசுக்கி, மேல ஒரு சொட்டு எச்சம் விட்டு, பழைய பூஞ்சையில இருந்து கொஞ்சம் பிய்ச்சு அதுல நட்டு வைக்குது, நாத்து நடற மாதிரியேதான். அந்தப் பூஞ்சைதான் சாப்பாடு, எறும்போட குஞ்சுப் புழுக்களுக்கு அதைத் தவிர வேற எதுவும் கிடையாது. இலை அதுக்குப் போடற எருன்னு 1874லயே தாமஸ் பெல்ட் நிகரகுவாவுல பாத்துட்டு எழுதிட்டாரு. அதனால நான் எறும்பு வளக்கறேன்னு சொல்றதே முழுசா சரியில்லைன்னு தோணுது. பூஞ்சையை எறும்பு வளக்குது, நான் அதுங்களுக்கு இலை கொண்டுவந்து குடுக்கற ஆளு.

மார்ச் 15

கொஞ்சம் பயந்துட்டேன். சில எறும்புங்க நெஞ்சுப் பக்கம் வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்துச்சு, பூசணம் பிடிச்சிருச்சோன்னு நெனச்சேன். அப்புறம்தான் படிச்சது ஞாபகம் வந்துச்சு, அது பூசணம் இல்ல, எறும்பு தன் ஒடம்புலயே வச்சு வளக்கற பாக்டீரியா. இந்தப் பூஞ்சைத் தோட்டத்துக்கு எஸ்கோவாப்சிஸ்னு ஒரு ஒட்டுண்ணிப் பூஞ்சை எதிரி, விட்டா மொத்தத்தையும் அழிச்சிரும், அதை அடக்கற மருந்து இந்த பாக்டீரியாகிட்ட இருக்கு. ஆளுங்களுக்கு இது 1999லதான் தெரிய வந்துச்சு. மருந்துக்கடையையே நெஞ்சுல சுமந்துக்கிட்டு நடக்குதுங்க.

மார்ச் 24

பூஞ்சை இப்ப எலுமிச்சம்பழம் அளவு. குழி குழியா ஸ்பாஞ்சு மாதிரி, மேல புதுசா நட்ட இடம் பச்சை கலந்த கருப்பு, நடுவுல வெள்ளை, அடியில பழசாகி மஞ்சள் பழுப்பு. அடியில இருந்து பிச்சுப் பிச்சு குப்பை டப்பாவுக்குக் கொண்டுபோகுதுங்க. குப்பைக்குப் போற எறும்புங்களைப் பாத்தா பெரும்பாலும் வயசானதா, நிறம் கருத்துப்போனதா இருக்கு.

ஏப்ரல் 2

என் ரோஜாவுல இளந்தளிர் தீந்துபோச்சு. பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்துல நிறைய இருக்கு, கேட்டதும் ஒரு கை நிறைய பறிச்சுக் குடுத்தாங்க. எறும்புங்க ஆசையா வெட்டுச்சுங்க, ஒரே ராத்திரியில எல்லாம் உள்ள போயிருச்சு.

ஏப்ரல் 4

என்னமோ சரியில்ல. புதுசா நட்ட இடம் வெள்ளையாகவே இல்ல, அப்படியே சாம்பலா கெடக்கு. காலைல இருந்து குப்பை டப்பாவுக்கு வரிசையா போகுதுங்க, எடுத்துட்டுப் போறது பழைய பூஞ்சை இல்ல, முந்தாநாள் கொண்டுவந்த ரோஜாத் துண்டு! என் தொட்டியில துளிர்த்திருந்த ஒரே ஒரு இலையைப் போட்டுப் பாத்தேன், மீசையால தொட்டுட்டுத் திரும்பிப் போயிருச்சு, அதே செடி, அன்னிக்கு அவ்வளவு ஆசையா வெட்டுன இலை.

சாயங்காலம் அக்காகிட்ட போனேன்.

"அக்கா, ரோஜாவுக்கு ஏதாவது மருந்து அடிச்சீங்களா?"

"ஆமாப்பா, இலையெல்லாம் வெள்ளையா சாம்பல் பூத்துச்சே, அதுக்குத்தான் போன வாரம் அடிச்சேன். பூச்சி மருந்து இல்லப்பா அது. ஏன், எறும்புக்கு ஆகலையா?"

எறும்புக்கு ஒண்ணும் ஆகல. சாம்பல் நோயும் ஒரு பூஞ்சைதானே, அதைக் கொல்ற மருந்து இதையும் கொல்லும். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, பறிக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும். எறும்புக்கு அந்த மருந்தோட வாசனை தெரியல, பூஞ்சை நொந்துபோன பிறகுதான் அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கு, தெரிஞ்ச உடனே ரோஜான்னாலே வேணாம்னு முடிவு பண்ணிருச்சுங்க. இப்படி ஒதுக்குனா வாரக்கணக்குல தொடாதாம்.

ஏப்ரல் 5

தூக்கமே வரல. ராத்திரி மூணு தடவை எழுந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். பாதி பூஞ்சை போயிருச்சு.

ஏப்ரல் 9

ரோஜா இல்லாம வேற என்ன குடுக்கலாம்னு ஒவ்வொண்ணா வச்சேன். பிளாக்பெர்ரி முள்ளுச்செடி இலையை ரெண்டு எறும்பு மட்டும் வெட்டுச்சு. ஓட்ஸ் செதிலை உடனே தூக்கிட்டுப் போச்சுங்க. ஆரஞ்சுத் தோலோட உள்பக்க வெள்ளைச் சதையைச் சுரண்டி வச்சேன், அதுக்குத்தான் கூட்டமே கூடிருச்சு. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாதான் போடறேன், பூஞ்சை சின்னதா இருக்கறப்ப நெறைய போட்டா நட முடியாம உள்ளயே கெட்டுப்போகும்.

பூஞ்சை சுருங்குனதுல இன்னிக்கு முதல் தடவையா ராணி முழுசா கண்ணுல பட்டா. சின்னச் சின்ன எறும்புங்க சுத்தி நின்னு நக்கிக்கிட்டே இருக்கு. இவ போயிட்டா இன்னொரு ராணி உருவாகப் போறதில்ல, மிச்சம் இருக்கறதுங்க வயசாகிச் சாகற வரைக்கும்தான் காலனி. பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு.

ஏப்ரல் 20

வெள்ளை திரும்ப வருது. லென்ஸ்ல பாத்தா பூஞ்சை நூலுக்கு நடுவுல குட்டிக் குட்டி வெள்ளை முத்து கொத்துக் கொத்தா இருக்கு. இதுதான் அதுங்களோட அறுவடை, நூலோட நுனி வீங்கி முத்தாகுது, அதைப் பிய்ச்சுப் பிய்ச்சு புழு வாயில வைக்குதுங்க. ஒரு புழு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு வாங்குன மாதிரி இருந்துச்சு.

மே 3

டப்பாவுக்கு வெளிய ரெண்டு எறும்பு. நெஞ்சு திக்னு ஆயிருச்சு. எறும்பு ஏற முடியாம வழுக்கட்டும்னு விளிம்புல பூசியிருந்த ஃப்ளூவான் பூச்சு ஈரத்துல உரிஞ்சு ஒரு ஓரம் வழி குடுத்திருக்கு. ரெண்டையும் பிரஷ்ல எடுத்து உள்ள விட்டேன், ரூம் பூரா தேடுனேன், வேற இல்ல. பழசைத் தொடைச்சுக் காயவச்சுப் புதுசா பூசி, மொத்த செட்டப்பையும் தண்ணித் தட்டுக்கு நடுவுல தூக்கி வச்சுட்டேன். வேலைக்காரங்க தனியா தப்பிச்சா காலனி உருவாகாது, ஆனாலும் நான் இதை லேசா எடுத்துக்கமாட்டேன், இதே வகை 1954ல குவாதலூப் தீவுக்குள்ள நுழைஞ்சு அங்க விவசாயிங்களைப் படுத்தி வைக்குது. வளக்கறவங்க வாரம் ஒரு தடவையாவது விளிம்பை விரலால தடவிப் பாருங்க, கண்ணால பாத்தா தெரியாது.

மே 19

நெறைய கூட்டுப்புழு. வெள்ளையா, காலு கண்ணு எல்லாம் தெரியுது, சின்ன எறும்புங்க அதுமேல பூஞ்சை நூலைப் போத்தி வச்சிருக்கு.

ஜூன் 11

பூஞ்சை இப்ப ஆரஞ்சுப்பழம் அளவைத் தாண்டிருச்சு, வேலைக்காரங்களை எண்ண முடியல. ரோஜா வேணாம்னு சொல்லி ஒம்பது வாரத்துக்கு மேல ஆச்சு. என் தொட்டிச் செடி நல்லா துளிர்த்திருக்கு, ஒரே ஒரு இலை வச்சேன். முதல்ல வந்த மூணும் தொட்டுட்டுப் போயிருச்சு. நாலாவது, அளவுல சின்னது, விளிம்புல ரொம்ப நேரம் நின்னுச்சு, நான் மூச்சைக்கூட மெதுவாத்தான் விட்டேன். வெட்ட ஆரம்பிச்சுது. நகம் அளவு துண்டு, பாதியில விட்டுட்டுப் போய், திரும்ப வந்து மிச்சத்தையும் வெட்டித் தூக்கிட்டுப் போச்சு. நாளன்னிக்கு அந்த இடம் வெள்ளையாகுதான்னு பாக்கணும், அதுவரைக்கும் இன்னொரு ரோஜா இலை வைக்கப்போறதில்ல.