ஆறடிக் கயிறும் இரண்டு பூனைகளும்

அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் உள்ள மொரெய்ன் பார்க் முகாமில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்தோம். அவ்வழியே வந்த ரேஞ்சர், ஜன்னலில் அமர்ந்திருந்த எங்கள் செவலையைப் பார்த்துச் சிரித்தார். பூனையை வெளியே இறக்குவதானால் ஆறடிக்கு மிகாத கயிற்றில்தான் இறக்க வேண்டும், நடைபாதைகளில் கயிற்றோடும் கூட்டிச் செல்லக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நாய்க்கும் பூனைக்கும் வேறுபாடில்லாத விதி அது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் நாய்க்குச் சங்கிலியும் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் கயிறு காணாத உயிர் பூனை ஒன்றுதான். அதற்கும் கயிறா என்ற நினைப்பு சுருக்கென்று தைத்தது.

விதியின் நியாயம் எனக்குத் தெரியும். கொயோட்டி என்னும் சிறு ஓநாயும் மலைச்சிங்கம் எனப்படும் பூமாவும் பெரிய ஆந்தைகளும் வாழும் காடு இது. பூனையும் சும்மா இராது. பறவைக் கூட்டையும் அணில் குஞ்சையும் தேடிப் போகும். 1915ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டுவரும் மண்ணில் நம் வீட்டுப் பிராணி வேட்டையாடுவதை ஏற்க முடியாது. ஆகவே செவலைக்கும் எங்கள் இன்னொரு பூனையான மிளகுக்கும் மார்புப் பட்டை வாங்கி, டென்வர் வீட்டுக் கூடத்திலேயே பழக்கினோம். செவலை சில நாட்களில் நிமிர்ந்து நடந்தது. மிளகோ, பட்டை மேலே பட்டவுடன் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும், இன்றுவரை அப்படித்தான்.

எங்களுடையதுபோல் படுக்கையும் அடுப்படியும் உள்ள ஆர்.வி. வண்டியில் பூனைகளோடு போகிறவர்களுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. நிறுத்திய இடத்தில் அறையை அகலப்படுத்த வெளியே தள்ளும் பக்கச் சுவர், திரும்ப உள்ளே இழுக்கப்படும்போது அதன் அடியிலும் பின்னாலும் இருக்கும் இடுக்குகளில் பூனை பதுங்கியிருந்தால் நசுங்கிவிடும். ஆகவே இரண்டையும் கண்ணால் பார்த்து, கூடைக்குள் விட்டு, கூடையை இருக்கைப் பட்டையால் கட்டிய பிறகுதான் பொத்தானில் கை வைப்போம். என் கணவர் இதில் என்னைவிடக் கண்டிப்பானவர்.

எஸ்டெஸ் பார்க்கிலிருந்து கிராண்ட் லேக் வரை செல்லும் டிரெயில் ரிட்ஜ் சாலை ஏறத்தாழ 77 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் உச்சி 3,713 மீட்டர். பனி காரணமாக ஆண்டில் பாதிக்கு மேல் மூடியே கிடக்கும். மேலே ஏற ஏற ஊசியிலை மரங்கள் குட்டையாகி, காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிறகு இல்லாமலே போய்விடும். அதற்கு மேல் புல்லும் பாசியும் சின்னஞ்சிறு பூக்களும்தான். காற்றழுத்தம் குறைவதால் அலமாரியில் இருந்த பூனைத் தீனிப் பொட்டலங்கள் உப்பிக்கொண்டன. இறக்கத்தில் பிரேக் சூடேறாமலிருக்கக் கியரைக் குறைத்து மெல்ல இறங்கியபோது, இந்த மலைகள் பழகிவிட்டன, இந்த நாடும் பழகிவிட்டது என்று கணவரிடம் நிறைந்த மனத்துடன் சொன்னேன்.

அடுத்த வளைவிலேயே மனம் ஆழியாறுக்குப் போய்விட்டது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் எண் பலகையைப் பார்த்து உரக்க எண்ணிக்கொண்டே போவது எங்கள் சிறுவயது வழக்கம். எதிரே வண்டி வந்தால் பேருந்து ஓட்டுநர் பின்னுக்கு எடுத்து வழிவிடுவார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அம்மா கண்ணை மூடியிருப்பார். கீழே அணைத் தண்ணீர் தகடாக மின்னும். டிரெயில் ரிட்ஜ் சாலையின் அகலமும் ஒழுங்கும் வால்பாறைப் பாதைக்கு இல்லை. ஆனால் இங்கே வளைவுகளை எண்ண எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிரவு அம்மாவிடம் பேசினேன். "ஏங்கண்ணு, பூனை குறுக்கே போனாலே உள்ளே வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்புவோம். நீ ரெண்டு பூனையக் கூடவே கூட்டிக்கிட்டு மலையேறுறியா?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

என் மனக்குறை வேறு. பூனைகளை நடைபாதைக்குக் கொண்டுபோக முடியாது. வண்டியில் தனியே பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. தேசியப் பூங்கா முகாம்கள் பெரும்பாலானவற்றில் மின்னிணைப்பு இல்லை, ஜெனரேட்டரை ஓட்டவும் நேரக் கட்டுப்பாடு உண்டு, மலை வெயிலில் மூடிய வண்டி விரைவில் கொதித்துவிடும். ஆகவே ஒருவர் நடக்க, மற்றவர் காவல் இருக்கிறோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் இதே கதைதான். சாலையிலிருந்தும் முகாமிலிருந்தும் நூறு அடிக்கு அப்பால் வளர்ப்புப் பிராணி போகக் கூடாது, வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய மரப்பாதையில் கால் வைக்கவே கூடாது. ஓல்ட் ஃபெயித்ஃபுல் என்னும் வெந்நீர் ஊற்று பீறிட்டெழுவதைக் கணவர் ஒருமுறையும் நான் மறுமுறையும் பார்த்தோம். திரும்பி வந்து ஒருவருக்கொருவர் விவரித்துக்கொண்டோம். அருகருகே நின்று ஒன்றையும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் அப்புச்சி வீட்டுக்கு வரும் பூனைக்கு யாரும் காவல் இருந்ததில்லை. காலையில் எங்கள் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) படுத்திருக்கும், மதியம் அடுத்த வீட்டில் மீன் கழுவும் இடத்தில் நிற்கும், இரவில் தென்னந்தோப்புக்குள் போய்விடும். குடும்பத்தோடு நாங்கள் பழனிக்குப் போனாலும் அதற்கு ஒரு கைப்பிடி சோறு வைக்க அந்தத் தெருவில் யாராவது இருந்தார்கள். போய்வருகிறோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. இங்கே எங்கள் அண்டை வீட்டார் நல்லவர்கள், பனி வழிக்கும்போது எங்கள் நடைபாதையையும் சேர்த்து வழித்துவிடுகிறவர்கள். என்றாலும் பூனைகளை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. ஊரில் ஒரு தெரு முழுவதும் சேர்ந்து செய்ததை இங்கே நாங்கள் இருவர் முறை போட்டுச் செய்கிறோம்.

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. செப்டம்பரில், எல்க் மான்கள் மொரெய்ன் பார்க் புல்வெளிக்கு இறங்கிக் கூவும் பருவத்தில், அவரையும் அழைத்துப் போகிறோம். மலையேற முழங்கால் இடங்கொடாது, வண்டியில் பூனைகளோடு இருந்துகொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். தயிர்சோறு கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டார். பேர் (Bear) ஏரியிலிருந்து நிம்ஃப், டிரீம் ஏரிகளைக் கடந்து எமரால்ட் ஏரி வரை போகும் பாதையை நானும் கணவரும் எங்களுக்காகத் தேர்ந்து வைத்திருக்கிறோம்.