பழைய ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக்ல ஜர்க் அடிச்சா உடனே கியர்பாக்ஸ இறக்க விடாதீங்க

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்குறவங்க எல்லாரும் என்னைக்காவது ஒருநாள் இத கேட்டிருப்பீங்க, "பாக்ஸ் போச்சுங்க சார், இறக்கித்தான் பாக்கணும்". பாதி பேரு வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிக்கூட பாக்க மாட்டாங்க, பானெட்ட தொறந்து வச்சுட்டு இடுப்புல கைய வச்சுகிட்டே சொல்லிடுவாங்க. சித்தப்பாகிட்ட இருந்து எனக்கு வந்த 2008 சிவிக்குக்கும் இதே தீர்ப்புதான் கெடச்சுது. வண்டி இப்பவும் அதே பாக்ஸோடதான் ஓடிட்டு இருக்கு, இறக்கவே இல்ல. வாட்ஸப்ல ரெண்டு மூணு பேரு என்ன பண்ணுனீங்கன்னு கேட்டாங்க, தனித்தனியா டைப் பண்றதுக்கு இங்கயே எழுதிடறேன்.

வண்டில இருந்தது மூணு கம்ப்ளைண்ட். அவினாசி ரோடு சிக்னல்ல நின்னுட்டு நியூட்ரல்ல இருந்து டி போட்டா அடியில "டொம்"முனு ஒரு அடி. வண்டி நல்லா சூடானப்புறம் ரெண்டுல இருந்து மூணுக்கு மாறும்போது ஒரு ஜர்க். அப்புறம் பாலக்காடு ரோட்டுல 60, 70ல ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சுட்டு சும்மா போனா ரோட்டுல பட்டை போட்டிருக்குற மாதிரி ஒரு நடுக்கம். மூணையும் ஒண்ணா சேத்து சொன்னா எந்த மெக்கானிக்கா இருந்தாலும் பாக்ஸ் போச்சுன்னுதான் சொல்வாரு, அவர குத்தம் சொல்ல முடியாது. ஆனா தனித்தனியா பிரிச்சு பாத்தப்ப மூணுக்கும் மூணு காரணம் இருந்துச்சு, கிளட்ச் தேஞ்சது அதுல ஒண்ணுகூட இல்ல.

அதனால மொதல்ல பண்ண வேண்டியது, எப்ப பண்ணுதுன்னு கவனிங்க. காலைல கூலா இருக்கும்போதா, அர மணிநேரம் ஓட்டி சூடானப்புறமா, எந்த கியர்ல இருந்து எந்த கியருக்கு, ஏறும்போதா இறங்கும்போதா, லேசா மிதிச்சாலா முழுசா மிதிச்சாலா. அதுலயும் முக்கியமா, அடிக்குதா வழுக்குதான்னு பாக்கணும். கியர் மாறும்போது ஆர்பிஎம் மட்டும் சர்ருனு மேல போயி வண்டி இழுக்காம ஒரு செகண்ட் அப்படியே நின்னா அது வழுக்கல், கிளட்ச் பிளேட்ட இறுக்கி புடிக்க பிரஷர் பத்தல இல்லன்னா பிளேட்டே தேஞ்சிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு பயப்படணும். அடிச்சு மாறுனா பெரும்பாலும் பிரஷர் தப்பான நேரத்துல இல்ல தப்பான அளவுல வருது, கன்ட்ரோல் சைடுல பாக்கலாம், கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்.

ஹோண்டா பாக்ஸ்ல இந்த கவனிப்பு இன்னும் நல்லா வேல செய்யும். டொயோட்டா மாதிரி மத்த பழைய ஆட்டோமேட்டிக்ல பெரும்பாலும் உள்ள பிளானட்டரி கியர் செட்டு (நடு பல்சக்கரத்த சுத்தி சின்ன பல்சக்கரங்க ஓடுற அமைப்பு), ஒரே கிளட்ச் பல கியருக்கு வேல செய்யும். ஹோண்டா அந்த காலத்துல மேனுவல் பாக்ஸ் மாதிரியே பக்கத்து பக்கத்துல ஷாஃப்ட் போட்டு, பல்லு எல்லாம் எப்பவும் சேந்தே சுத்துற மாதிரி வச்சு, எந்த கியர் வேணுமோ அதோட கிளட்ச மட்டும் ஆயில் பிரஷர்ல அழுத்துற மாதிரி பண்ணிருந்தாங்க. அதனால ஒரு குறிப்பிட்ட கியர்ல மட்டும் தொந்தரவுன்னா எங்க தேடணும்னு ஓரளவு கை காட்டிடலாம்.

சரி ஆயிலுக்கு வரேன், இங்கதான் நெறய பேரு கோட்ட விடறாங்க. டொயோட்டால எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது பார்க்குல வச்சு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) பாக்கணும், ஹோண்டால அப்படி பாக்கக்கூடாது, வண்டிய நல்லா சூடாக்கி சமதளத்துல நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணி 60ல இருந்து 90 செகண்டுக்குள்ள பாக்கணும். முறை மாத்தி பாத்தா ஆயில் கம்மின்னு நெனச்சு மேல ஊத்திடுவாங்க, ஓவரா ஊத்துனா நுரச்சுக்கும், நுரையில பிரஷர் நிக்காது, அப்புறம் இல்லாத வியாதி எல்லாம் வரும். கலரும் பாருங்க, செவப்பா இருந்தா நல்லது, பிரவுனா இருந்தா வயசாயிடுச்சு, கருப்பா கருகுன வாசன வந்தா கிளட்ச் எரிஞ்சிருக்கு. பிங்க் கலர்ல மில்க்‌ஷேக் மாதிரி இருந்தா வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, ஏடிஎஃப்ல (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான்) கூலன்ட் கலந்திருக்கு.

எங்க வண்டில ஆயில் பிரவுன், கருகல் வாசன இல்ல. டேஷ்போர்டுல இருந்த பழைய பில்ல நோண்டுனப்ப, முன்னாடி சர்வீஸ் பண்ணுன ஒரு ஒர்க்‌ஷாப்ல "யுனிவர்சல் ஏடிஎஃப்" ஊத்திருந்தது தெரிஞ்சுது. இந்த வண்டிக்கு அப்ப இசட்1, இப்ப அதுக்கு பதிலா ஹோண்டாவே சொல்றது டிடபிள்யூ1. பேரு பெருசா இருக்கே எல்லாத்துக்கும் ஆகும்போலன்னு நெனச்சு ஊத்துறாங்க, கிளட்ச் எவ்வளவு வழுக்கி எவ்வளவு புடிக்கணுங்கறதே அந்த ஆயில்ல இருக்குற கலவைய வச்சுத்தான், அது மாறுனா மொதல்ல காட்டிக்கொடுக்குறது லாக்கப் கிளட்ச்.

அந்த 70ல வந்த நடுக்கம் அதுதான். எஞ்சின் சுத்தறத ஆயில் வழியா பாக்ஸுக்கு கடத்துற டார்க் கன்வர்டருக்குள்ள லாக்கப்னு ஒரு கிளட்ச் இருக்கு, நிதானமா போகும்போது எஞ்சினையும் பாக்ஸையும் நேரா பூட்டிடும், அந்த பூட்டு சரியா புடிக்காம விட்டு விட்டு புடிச்சா வண்டி நடுங்கும். பிரச்சன என்னன்னா ஸ்பார்க் பிளக்கோ காயிலோ போயி எஞ்சின் மிஸ்ஃபயர் ஆனாலும் (பெட்ரோல் சரியா எரியாம விட்டு விட்டு ஓடுனாலும்) கிட்டத்தட்ட இதே நடுக்கம்தான். ரெண்டையும் பிரிக்க ஓசி வழி ஒண்ணு இருக்கு. பின்னாடி வண்டி வராத ரோட்டுல, நடுக்கம் வந்துட்டு இருக்கும்போதே ஆக்ஸிலேட்டர மாத்தாம இடது காலால பிரேக்க பிரேக் லைட் எரியற அளவுக்கு மட்டும் தொடுங்க. தொட்டதும் லாக்கப் விட்டுடும், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், அந்த செகண்டே நடுக்கம் நின்னா லாக்கப், நிக்காம தொடர்ந்தா எஞ்சின் பக்கம் தேடுங்க. இடது கால் பிரேக் பழக்கம் இல்லன்னா மொதல்ல காலி கிரவுண்டுல பழகிக்கங்க, மேனுவல் ஓட்டுன கால் கிளட்ச்னு நெனச்சு அழுத்திடும்.

ஆயில் மாத்தறதுக்கு மெஷின் போட்டு ஃப்ளஷ் (பழச மொத்தமா தள்ளி வெளியேத்தறது) வேண்டாம்னு எனக்கு வேல பாத்து குடுத்த மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டாரு, நானும் அந்த கட்சிதான். டிரெயின் போல்ட்ட கழட்டுனா சுமார் இரண்டரை லிட்டர்தான் வரும், மீதி கன்வர்டர்லயும் உள்ளயும் நின்னுடும். அதனால மாத்தி, எல்லா கியரும் போற மாதிரி ஓட்டி, திரும்ப மாத்தி, இன்னொரு தடவ மாத்துனாத்தான் பழசு பெரும்பாலும் வெளிய வரும். டிரெயின் போல்ட் நுனில காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர் பேஸ்ட் ஒட்டிருந்தா சாதாரணம், செதில் செதிலா இரும்பு இருந்தா ஆயில் மாத்தி பிரயோஜனம் இல்ல, காச மிச்சம் புடிச்சு வைங்க.

"பழைய பாக்ஸ்ல புது ஆயில் ஊத்துனா பாக்ஸ் போயிடும்"னு ஒரு பேச்சு இருக்கு. ஏற்கனவே வழுக்கிட்டு இருந்த பாக்ஸ கடைசி நேரத்துல கொண்டுவந்து ஆயில் மாத்துவாங்க, அது போயிடும், பழி ஆயில் மேல விழும், அவ்வளவுதான்னு நான் நெனைக்கறேன்.

மூணாவது மாத்தலுக்கு அப்புறம் நடுக்கம் போச்சு, ஜர்க் போகல. எஸ் மோடுல போட்டு ஸ்டியரிங் பின்னாடி இருக்குற பேடில்ல ஒவ்வொரு கியரா நாமளே மாத்தி பாத்தா மூணுக்கு போகும்போது மட்டும்தான் அடி, மத்த எல்லாம் வெண்ண. சந்தையில விக்கற சின்ன புளூடூத் ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல, அது பெரும்பாலும் எஞ்சினோட ஃபால்ட் கோட மட்டும்தான் படிக்கும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேனர் வேணும். டேஷ்ல டி லைட் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா கண்டிப்பா ஃபால்ட் கோடு உக்காந்திருக்கு, எரியலன்னாலும் லைவ் டேட்டா பாக்க சொல்லுங்க. அதுல மூணாவது கிளட்ச் பிரஷர் சுவிட்ச் ஆன் ஆகறதே லேட்டு. கிளட்ச்ல பிரஷர் வந்துடுச்சுன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ற ஆளு அதுதான், அது தூங்கிட்டா கம்ப்யூட்டர் தப்பு கணக்கு போட்டு அடிச்சு மாத்தும். பாக்ஸுக்கு வெளியவே திருகி இருக்குற சின்ன சாமான், ரெண்டாவது கிளட்ச் சுவிட்சையும் சேத்து மாத்துனோம். எங்களுக்கு அதோட ஜர்க் நின்னுச்சு. உங்களுக்கு அதுலயும் சரியாகலன்னா அடுத்தது சாலினாய்ட் (ஆயில் போற வழிய கரண்ட்ல தொறந்து மூடுற வால்வு), மல்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் பாக்கலாம்.

டி போட்டா வர்ற "டொம்"முக்கு காரணம் எஞ்சின் மவுண்ட், எஞ்சின பாடியோட தாங்கி புடிக்குற ரப்பர். ஒருத்தர் பிரேக்க அழுத்தி புடிச்சுகிட்டு டி, ஆர் மாத்தி மாத்தி போட, இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு பானெட்டுக்குள்ள பாத்தா எஞ்சின் துள்ளறது கண்ணுக்கே தெரியும். முன்னாடி நிக்காதீங்க, ஹேண்ட்பிரேக்கும் போட்டுக்கங்க. மவுண்ட் போன வண்டில நல்ல கியர்பாக்ஸ்கூட கெட்டது மாதிரிதான் இருக்கும், இத மொதல்லயே மாத்திட்டு மத்தத தேடிருந்தா வேல இன்னும் சுலபமா இருந்திருக்கும்னு அண்ணனே சொன்னாரு.

ஸ்டால் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, பிரேக் புடிச்சுட்டு டில முழு ஆக்ஸிலேட்டர் குடுத்து ஆர்பிஎம் எவ்வளவு வரை போகுதுன்னு பாக்கறது. மேனுவல்ல சொன்னத விட அதிகமா போனா கிளட்ச் வழுக்குது, கம்மியா இருந்தா எஞ்சின்ல பவர் இல்ல இல்லன்னா கன்வர்டர் கோளாறு. சில செகண்டுக்கு மேல புடிச்சா ஆயில் கொதிச்சுடும், வீட்டு முன்னாடி நீங்களா பண்ணாதீங்க.

பேட்டரி, எர்த் ஒயர், எஞ்சின் டெம்பரேச்சர் இதையும் பாத்துடுங்க. கூலன்ட் ஓட்டத்த கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் தொறந்தே நின்னு எஞ்சின் சூடாகலன்னா லாக்கப்பே விழாது, மைலேஜ் கொறையும், அதுக்கும் பாக்ஸத்தான் திட்டுவாங்க.

எங்க வண்டில இப்ப மிச்சம் இருக்குறது ஒண்ணுதான், குளிர்ல ராத்திரி பூரா நின்னுட்டு காலைல ரிவர்ஸ் போட்டா ஒரு செகண்டு லேட்டா புடிக்குது. உள்ள ரப்பர் சீல் கெட்டியாயிருக்கும்னு அண்ணன் சொல்றாரு, அதுக்கு இறக்கித்தான் ஆகணும். சூடானா லேட் ஆகல, வழுக்கலும் இல்ல, அதனால இப்போதைக்கு தொடல. ரெண்டு செகண்டு மூணு செகண்டுன்னு ஏறுனா அப்ப இறக்கிக்கலாம்.